ராபர்ட் வைட்

ராபர்ட் வைட் (ஜூலை 6, 1796 – மே 26, 1872) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் தாவரவியலாளரும் ஆவார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் 30 ஆண்டுகளுக்கும் மேலாகத் தென்னிந்தியாவில் வாழ்ந்தவர். தென்னிந்தியத் தாவரங்களைத் திரட்டி, வகைப்படுத்தி, படங்களுடன் நூல்களாக வெளியிட்டவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். ஏறத்தாழ 110 பேரினங்களையும் 1,260க்கும் மேற்பட்ட பூக்கும் தாவர இனங்களையும் இவர் புதியனவாக விவரித்துள்ளார். திருநெல்வேலியை அடுத்த பாளையங்கோட்டையில் படை மருத்துவராகப் பணியாற்றிய காலத்தில் குற்றாலம், சிவகிரி மலை ஆகிய பகுதிகளின் தாவரங்களை ஆராய்ந்தார். தாமிரபரணி ஆற்றுப்படுகையின் கரைகளிலும் குளங்களிலும் வளரும் மரஞ்செடிகள் பலவற்றின் அறிவியல் பெயர்களோடு இவருடைய பெயரும் இணைந்துள்ளது.

இளமையும் கல்வியும்

வைட் ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில் உள்ள மில்டன் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை எடின்பரோ நகர வழக்கறிஞர். 14 பிள்ளைகளைக் கொண்ட அக்குடும்பத்தில் வைட் 12ஆம் பிள்ளை. எடின்பரோவில் பள்ளிக் கல்வியை முடித்தபின் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1818இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் மருந்துகளில் பெரும்பாலானவை செடிகொடிகளிலிருந்தே பெறப்பட்டன. ஆகவே மருத்துவ மாணவர்கள் தாவரவியலையும் கற்க வேண்டியிருந்தது. வைட்டுக்குத் தாவரவியல் கற்பித்தவர் டேனியல் ரூதர்போர்டு. நைட்ரஜன் வளிமத்தைக் கண்டறிந்தவர் என்று வேதியியல் வரலாற்றில் அறியப்படுபவரும் இவரே.

இந்தியாவுக்கு வருதல்

1819இல் வைட் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். இந்தியக் காலாட்படைப் பிரிவுகளில் மருத்துவராகப் பணியாற்றினார். படைப்பிரிவு இடம்பெயரும்போதெல்லாம் வழியிலுள்ள செடிகளைச் சேகரித்து உலர்த்தி வைத்தார். இவர் எடின்பரோவுக்கு அனுப்பிய முதல் சேகரிப்பு கடல் பயணத்திலேயே அழிந்துபோனது.

1826இல் சென்னை அரசு இவரை மாகாண இயற்கையியலாளராக நியமித்தது. அப்பதவியில் இருந்தபோது தென் மாவட்டங்கள் வழியாக நீண்ட பயணம் ஒன்றை மேற்கொண்டு பெருந்தொகையான உலர்தாவரங்களைத் திரட்டினார். ஆனால் 1828இல், ஸ்டீபன் லஷிங்டன் ஆளுநராக இருந்தபோது, அப்பதவியே ஒழிக்கப்பட்டது. சேகரிப்புகள் இலண்டனிலுள்ள கம்பெனித் தலைமையகத்துக்கு அனுப்பப்பட்டன. வைட் மீண்டும் மருத்துவப் பணிக்குத் திரும்பி நாகப்பட்டினத்துக்குச் சென்றார்.

பதவி பறிபோன பின்னரும் வைட் சேகரிப்பை நிறுத்தவில்லை. ஆள் கூலி, தாள், வண்ணம் ஆகிய செலவுகளைத் தம் ஊதியத்திலிருந்தே செய்தார். நாகப்பட்டினத்தில் இருந்தபடியே கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கருடன் கடிதத் தொடர்பு கொண்டார். ஹூக்கர் தாம் நடத்திய தாவரவியல் இதழில் வைட் அனுப்பிய படங்களை வெளியிட்டு ஊக்கமளித்தார்.

ஓவியர்களும் சேகரிப்பாளர்களும்

வைட்டின் நூல்களிலுள்ள படங்களுக்கு மூலமான ஓவியங்களை வரைந்தவர்கள் தென்னிந்திய ஓவியர்கள். அவர்களுள் முதன்மையானவர்கள் ரங்கையா, கோவிந்து ஆகிய இருவர். ரங்கையா 1826 முதல் 1840களின் நடுப்பகுதி வரையிலும், அவருக்குப்பின் கோவிந்து வைட் நாடு திரும்பும் காலம் வரையிலும் பணியாற்றினர். இவர்கள் தஞ்சையில் குடியேறிய தெலுங்கு ராஜு ஓவியர் மரபைச் சேர்ந்தவர்கள் என்று கருதப்படுகிறது. கோயிலுக்கும் அரண்மனைக்கும் வரைந்துவந்த ஒரு மரபின் கை, பூவின் சூலகத்தைக் குறுக்காக வெட்டி உருப்பெருக்கி வழியே பார்த்து வரையும் புதிய பணிக்கு இவ்வாறு பயன்பட்டது.

கோவிந்துவின் திறமையைப் போற்றும் வகையில் வைட் ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்குக் கோவிந்தூயியா என்று பெயரிட்டார். பின்வந்த ஆய்வாளர்கள் அதனை டிரொப்பீடியா என்னும் பேரினத்துள் அடக்கிவிட்டதால் அப்பெயர் இன்று வழக்கில் இல்லை.

காடுகளுக்கும் குளக்கரைகளுக்கும் சென்று செடிகளைப் பறித்து வந்தவர்கள் வைட் பயிற்சி கொடுத்த உள்ளூர் ஆட்கள். எந்தப் பருவத்தில் எந்த இடத்தில் எது பூக்கும் என்ற உள்ளூர் அறிவு அவர்களிடமே இருந்தது. இருப்பினும் உலர்தாவரத் தாள்களில் வைட்டின் பெயரே இடம்பெற்றது. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் பதிவாகவில்லை.

விடுப்பும் முதல் நூல்களும்

1831இல் வைட் மூன்றாண்டு விடுப்பில் பிரித்தானியா சென்றார். அப்போது அவர் உடன் கொண்டுசென்ற உலர்தாவரங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,00,000; எடை 2 டன். இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் உள்ளவற்றைப் பிரித்து ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் பலருக்கும் வழங்கினார். ஒரே இடத்தில் முடங்காமல் பல நாடுகளில் ஒரே நேரத்தில் ஆராயப்பட்டதால் தென்னிந்தியத் தாவரங்கள் உலக அறிவியலுக்கு விரைவில் அறிமுகமாயின.

இக்காலத்தில் ஜார்ஜ் ஆர்னட் வாக்கர்-ஆர்னட் என்னும் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளருடன் இணைந்து இந்தியத் தீபகற்பத் தாவரங்களின் முன்னோட்டம் எனப் பொருள்படும் புரோடிரோமஸ் என்னும் நூலை எழுதினார். அதன் முதல் தொகுதி 1834இல் வெளிவந்தது. மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட லின்னேயசின் முறையை விட்டு, உறவுமுறை அடிப்படையிலான இயற்கை வகைப்பாட்டைப் பின்பற்றிய முதல் இந்தியத் தாவர நூல்களுள் இதுவும் ஒன்று. இரண்டாம் தொகுதி வெளிவரவில்லை.

அதே ஆண்டு வெளிவந்த மற்றொரு நூலில், எருக்கங் குடும்பத்தை வைட்டும் ஆர்னட்டும் எழுதினர். சூரியகாந்திக் குடும்பத்தை ஜெனிவாவின் டி காண்டோலும், கோரைக் குடும்பத்தை ஜெர்மனியின் நீஸ் வான் எசன்பெக்கும் வைட்டின் சேகரிப்புகளைக் கொண்டு எழுதினர். கோரைகள் குளம், வயல், ஆற்றோரம் ஆகிய ஈரநிலங்களின் முதன்மைத் தாவரங்கள். ஒன்றைப்போல் மற்றொன்று தோன்றும் இவற்றை வேறுபடுத்தி அறிவது வல்லுநர்களுக்கும் கடினம். தாமிரபரணிக் கரையிலுள்ள பத்தமடையின் புகழ்பெற்ற பாய்களுக்கு மூலப்பொருளாகும் கோரையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

பாளையங்கோட்டையில்

1834இல் இந்தியா திரும்பிய வைட் 33ஆம் இந்தியக் காலாட்படையின் மருத்துவராகப் பெல்லாரியில் பணியேற்றார். விரைவில் அப்படை பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்டது. 710 மைல் தொலைவு கொண்ட அந்த நடைப்பயணம் முழுவதும் அவர் செடிகளைச் சேகரித்துக்கொண்டே வந்தார்.

பாளையங்கோட்டை தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த கோட்டை நகரம். திருநெல்வேலி மாவட்டத்தில் கம்பெனியின் படைத்தளமாக விளங்கியது. மேற்கே மழைக்காடுகள், ஆற்றை ஒட்டி நெல்வயல்கள், வடக்கே பருத்தி விளையும் கரிசல், தெற்கே வறண்ட செம்மண் நிலமும் தேரி மணலும் என ஒரு சில நாள் பயணத்துக்குள் பலவகை நிலங்களைக் காணக்கூடிய இடம் அது. தாவரவியலாளர் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான படைத்தளம் மாகாணத்தில் அரிது.

வைட்டைப் பெரிதும் ஈர்த்தது குற்றாலம். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. ஆதலால் மலையின் மேற்குச் சரிவுக்கு உரிய செடிகள் பலவும் அங்குக் கிழக்குப் பக்கத்திலேயே வளர்கின்றன. கம்பெனி அங்கு நறுமணப் பயிர்த் தோட்டங்களையும் வைத்திருந்தது. குற்றாலத்தின் தாவரங்களைப் பற்றி வைட் எழுதிய கட்டுரை 1835இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் வெளியானது. சிவகிரி மலையிலும் சேகரித்தார். 1836இல் இலங்கைக்கும் சென்று வந்தார். குற்றாலமும் சிவகிரியும் 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் உள்ளன.

தாமிரபரணிப் படுகையின் தாவரங்கள்

வைட்டின் நூல்களில் இடம்பெற்ற, தாமிரபரணிப் படுகைக்கு நெருக்கமான தாவரங்களை அவை வளரும் இடத்தைக் கொண்டு நான்காகப் பிரிக்கலாம்.

மலையாறுகள்: அருவிகளிலும் பாறைகள் நிறைந்த ஓடைகளிலும் பாசிபோலப் பாறையில் ஒட்டி வளரும் ஒருவகைப் பூக்கும் தாவரங்கள் உண்டு. வெள்ளம் பாயும் காலத்தில் நீருக்குள் வளர்ந்து, நீர் வற்றிப் பாறை வெளிப்படும்போது பூத்துக் காய்க்கும் இயல்புடையவை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள இக்குடும்பத் தாவரங்களை ஆராய்ந்த வைட், அவற்றுள் ஒரு பேரினத்துக்குத் தம் சமகாலத் தாவரவியலாளர் டால்செல்லின் நினைவாக டால்செல்லியா என்று பெயரிட்டார்.

ஆற்றங்கரை: தாமிரபரணியின் இரு கரைகளிலும் ஓங்கி நிற்கும் நீர்மருது என்னும் மருதமரத்தை ரோக்ஸ்பர்க் முன்னரே வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார். அதனை டெர்மினாலியா பேரினத்துக்கு மாற்றியவர்கள் வைட்டும் ஆர்னட்டும். டெர்மினாலியா அர்ஜுனா என்னும் பெயரை அடுத்து இன்றும் இவ்விருவர் பெயரும் எழுதப்படுகின்றன. கரைமண்ணை வேரால் பிடித்து நிறுத்தும் மரம் இது.

குளங்கள்: அல்லி, தாமரை, நெட்டி, நீர்ச்சுண்டி, நீர்க்கிராம்பு, நீர்மேல்நெருப்பு ஆகியவற்றின் குடும்பங்கள் புரோடிரோமஸ் முதல் தொகுதியில் அடங்கும். குளத்தின் கரையிலும் உட்பரப்பிலும் வளரும் கருவேல மரமும், நீர்க்கடம்பும் அவ்வாறே. நுண்ணிய பைகளில் சிற்றுயிர்களைப் பிடித்துச் செரிக்கும் நீர்வாழ் செடிகளின் இனங்கள் சிலவற்றைப் பின்னர் வெளியிட்ட படத்தொகுதியில் சேர்த்தார்.

வறண்ட நிலம்: குடைபோல் தட்டையாக விரிந்து நிற்கும் உடைமரம் திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரப் பகுதிகளின் வறண்ட நிலத்துக்கு அடையாளமான மரம். இதனை அகேசியா பிளானிஃப்ரான்ஸ் என்று 1834இல் முதன்முதலாக விவரித்தவர்கள் வைட்டும் ஆர்னட்டுமே. அடுப்புக்கு விறகாகவும் ஆட்டுக்குத் தீவனமாகவும் பயன்பட்டுவந்த இம்மரம் அதன் பின்னரே அறிவியல் உலகில் பெயர் பெற்றது. இப்போது வாச்செல்லியா என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளது.

பயிர் ஆய்வும் பருத்திச் சோதனையும்

1836இல், பிரடெரிக் ஆடம் ஆளுநராக இருந்தபோது, வைட் படைப்பணியிலிருந்து வருவாய்த் துறைக்கு மாற்றப்பட்டார். பருத்தி, புகையிலை, நிலாவரை முதலிய விளைபொருள்களின் சாகுபடியை ஆராய்ந்து அறிக்கை அளிப்பது அவருடைய கடமை. நிலாவரை மலமிளக்கும் மூலிகை. அரேபிய நாடுகளிலிருந்து வந்த இச்செடி திருநெல்வேலிச் சீமையில் நன்கு விளைந்ததால், திருநெல்வேலியின் பெயராலேயே உலக மருந்துச் சந்தையில் அறியப்படுகிறது. திருநெல்வேலியில் குடியேறியிருந்த ஹியூஸ் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனைத் தோட்டப் பயிராக வளர்த்தார்.

1842இல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனைப் பண்ணையின் பொறுப்பு வைட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. இங்கிலாந்தின் ஆலைகள் நீண்ட இழைப் பருத்திக்கு அமெரிக்காவையே நம்பியிருந்தன. அந்நிலையை மாற்றுவதே கம்பெனியின் நோக்கம். இந்நோக்கத்துக்காக அமெரிக்காவிலிருந்து பருத்திப் பயிரிடுவோரும் வரவழைக்கப்பட்டிருந்தனர். அமெரிக்கப் பருத்தியை இந்த மண்ணில் விளைவிக்க முடியும் என்றும், தட்பவெப்பத்துக்கு ஏற்ற விதைப்புக் காலத்தைத் தேர்வதே முக்கியம் என்றும் வைட் வாதிட்டார். ஆனால் மழையை நம்பிய கரிசல் நிலத்தில் நாட்டுப் பருத்தியே உழவருக்கு நம்பகமான பயிராக இருந்தது. பத்தாண்டுக் கால முயற்சி எதிர்பார்த்த பயனைத் தராமல் முடிவுற்றது. அரசு ஊதியம் கொடுத்துச் செய்யச் சொன்ன பணி இவ்வாறு நின்றுபோக, தம் செலவிலும் ஓய்வு நேரத்திலும் செய்த தாவரப் பணியே வைட்டுக்கு நிலைத்த பெயரைத் தந்தது.

படத்தொகுதிகள்

1838இல் வைட் இரண்டு படத்தொகுதிகளை ஒரே காலத்தில் சென்னையில் தொடங்கினார். ஒன்று வண்ணப் படங்களும் விரிவான குடும்ப விளக்கங்களும் கொண்ட இல்லஸ்ட்ரேஷன்ஸ் ஆஃப் இந்தியன் பாட்டனி (1838–1850). மற்றொன்று வண்ணமில்லாக் கோட்டுப்படங்களைக் கொண்ட ஐகோனஸ் பிளாண்டாரம் (1838–1853). பின்னது 6 தொகுதிகளில் 2,101 படங்களைக் கொண்டது. நீலகிரித் தாவரங்களுக்கென ஸ்பிசிலீஜியம் நீல்கெரென்ஸ் என்னும் தனி நூலையும் 1845 முதல் 1851 வரை வெளியிட்டார்.

ஐரோப்பாவில் அச்சிடப்பட்ட தாவர நூல்கள் விலை மிகுந்தவை. இந்தியாவில் பணியாற்றும் மருத்துவர்களும் அலுவலர்களும் வாங்கக்கூடிய விலையில் படங்கள் கிடைக்க வேண்டும் என்பதே வைட்டின் எண்ணம். அதற்காகக் கல்லச்சு முறையைத் தாமே கற்றுக்கொண்டார். ஓவியரின் கோட்டைக் கல்லில் படியெடுத்து வேண்டிய எண்ணிக்கையில் அச்சிட இம்முறை உதவியது. தாள், அச்சுக்கல், தேர்ந்த பணியாளர் என ஒவ்வொன்றுக்கும் தட்டுப்பாடு நிலவிய சென்னையில் இப்பணி 15 ஆண்டுகள் தொடர்ந்து நடைபெற்றது. அரசு ஒரு பகுதிப் பிரதிகளை வாங்கி உதவியபோதிலும் இழப்பின் பெரும்பகுதியை வைட்டே ஏற்றார்.

குடும்பமும் இறுதிக் காலமும்

வைட் 1838இல் சென்னையில் ரோசா ஹாரியட் ஃபோர்டு என்பவரை மணந்தார். உடல்நலக் குறைவால் 1853இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். ரெடிங் நகருக்கு அருகில் கிரேஸ்லி என்னும் இடத்தில் நிலம் வாங்கி வேளாண்மை செய்தார். 1855இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எனினும் அதன்பின் அவர் பெரிய தாவர நூல் எதையும் எழுதவில்லை. தம்மிடமிருந்த உலர்தாவரத் தொகுப்பை 1871இல் கியூ தாவரவியல் பூங்காவுக்கு வழங்கினார். மறு ஆண்டு மே 26 அன்று காலமானார். அவருடைய சேகரிப்புகளையும் ஆதாரமாகக் கொண்டு ஜோசப் டால்டன் ஹூக்கர் எழுதிய பிரித்தானிய இந்தியாவின் தாவர நூல் வெளிவரத் தொடங்கியதும் அதே 1872ஆம் ஆண்டில்தான்.

கூந்தன்குளமும் வைட்டின் பதிவுகளும்

திருநெல்வேலியிலிருந்து 38 கி.மீ. தொலைவில் நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம் பறவைகள் காப்பகம் உள்ளது. கூந்தன்குளம், காடன்குளம் ஆகிய இரு பாசனக் குளங்களைக் கொண்ட இது 1994இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது; 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. தாமிரபரணியின் துணையாறான மணிமுத்தாற்றின் அணையிலிருந்து கால்வாய் வழியே இக்குளங்களுக்கு நீர் வருகிறது. குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களிலும் ஊருக்குள் உள்ள மரங்களிலும் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுகின்றன. வரித்தலை வாத்து, பூநாரை முதலியன வலசை வருகின்றன.

பறவைகளின் வாழ்வு குளத்தின் தாவரங்களைச் சார்ந்தது. கூடு கட்ட நீர் சூழ்ந்த முள்மரம் வேண்டும். வாத்துகளுக்குப் புல்லும் கோரைக் கிழங்கும் நீர்ச்செடியும் வேண்டும். நாரைகள் உண்ணும் மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர நீரடிச் செடிகள் வேண்டும். எனவே இத்தகைய குளங்களில் முன்பு எவை இருந்தன, எவை பின்னர் வந்தன என்பதை அறிவது காப்பகப் பராமரிப்புக்கு அவசியம்.

இந்த இடத்தில் வைட்டின் பதிவுகள் பயன்படுகின்றன. தென் மாவட்டக் குளங்களையும் புறம்போக்கு நிலங்களையும் இன்று ஆக்கிரமித்துள்ள சீமைக் கருவேலம் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது 1877இல். ஆகாயத்தாமரை வந்ததும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். இவ்விரண்டும் வருவதற்கு முன்பே வைட்டின் சேகரிப்பு முடிந்துவிட்டது. ஆகவே நாட்டுக் கருவேலம், உடை, நெட்டி, அல்லி, கோரை ஆகியவற்றைக் கொண்ட பழைய ஈரநிலத்தின் சான்றாக அவருடைய உலர்தாவரத் தாள்கள் நிற்கின்றன. சீமைக் கருவேலத்தை அகற்றிய இடத்தில் எதை நடுவது என்ற கேள்விக்கு விடை தேடுவோருக்கு இப்பதிவுகள் ஒரு தொடக்கப் புள்ளியாகும்.

நினைவும் மதிப்பீடும்

வைட்டின் நினைவாக டேனியத் தாவரவியலாளர் நதானியல் வாலிக் ஒரு பேரினத்துக்கு வைட்டியா என்று பெயரிட்டார். குக்கிலு என்னும் மருந்துப் பிசினைத் தரும் காமிஃபோரா வைட்டியை உட்படப் பல இனங்களின் பெயர்களில் அவர் பெயர் இடம்பெற்றுள்ளது.

நெடுங்காலம் வைட்டின் புகழுக்குள் மறைந்திருந்த ஓவியர்களின் பங்கு அண்மைக் காலத்திலேயே வெளிச்சத்துக்கு வந்தது. எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஹென்றி நோல்டி, வைட்டின் வாழ்க்கையையும் ரங்கையா, கோவிந்து ஆகியோரின் ஓவியங்களையும் ஆராய்ந்து 2007இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அவ்விருவருடைய மூல ஓவியங்கள் எடின்பரோவிலும், உலர்தாவரங்கள் கியூ, எடின்பரோ ஆகிய இடங்களிலும் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஐகோனஸ் தொகுதிகள் எண்மப்படுத்தப்பட்டுக் கட்டணமின்றி இணையத்தில் கிடைக்கின்றன. குற்றாலத்திலும் சிவகிரியிலும் பறிக்கப்பட்ட செடிகளின் படங்களைத் திருநெல்வேலி மாணவர்கள் தம் ஊரிலிருந்தே பார்க்க இதனால் வழி ஏற்பட்டுள்ளது.